பைபாஸுக்கு முன்னாடி கவுன்சலரப் பார்த்தது

ஆஞ்சியோ எடுத்துட்டு ஹார்ட் ரத்தக் குழாய்ல மூனு எடத்துல அடைப்பு, பைபாஸ்தான்னு டாக்டர் சொன்னதுல இருந்து எனக்கு தூக்கமே போச்சு. பார்க்க வர்றவங்க எல்லாம் "ஒன்னும் ஆகாதுக்கா, முருகன் இருக்காரு"ன்னு சொல்லி மைலோ டின்ன வச்சிட்டு போவாங்க, அன்புலதான், ஆனா எல்லாரும் இதையே சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் உதறல்தான்.

கேஎல்ல (கோலாலம்பூர்ல) நான் அட்மிட் ஆன ஆஸ்பத்திரில பேஷண்ட்டோட மனசுப் பயத்தக் கேட்டுப் பேசுற கவுன்சலர் இருக்காங்க, ஆனா தானா வர மாட்டாங்க. வார்டு மிஸ்ஸி (நர்ஸ்)கிட்ட பயமா இருக்குன்னு வாய் தொறந்து சொன்னப்புறம்தான் டாக்டர் ரெஃபர் பண்ணாரு. மொதல்ல மனச்சோர்வு, பதட்டம், மன அழுத்தம் எவ்ளோ இருக்குன்னு பார்க்குற டாஸ்-21னு ஒரு ஃபார்ம், 21 கேள்வி, மலாய்லயும் இருக்கு. ஓடாம ஆடாம இருக்கும்போதே நெஞ்சு அடிக்கிறது தெரிஞ்சுச்சான்னு அதுல ஒரு கேள்வி, ஹார்ட் பேஷண்ட்கிட்ட இதக் கேட்டா என்னத்த லா டிக் பண்றதுன்னேன், கவுன்சலரே சிரிச்சிட்டாங்க.

அப்புறம் அவங்க கேட்டது, "சரிம்மா, எத நெனச்சா ரொம்ப பயம்?" சாவு இல்ல, கண்ணு முழிக்கும்போது என்னா ஆகியிருக்கும்னு தெரியாததுதான். அத ஒன்னொன்னா சொன்னாங்க. ஐசியூல முழிக்கும்போது தொண்டைல டியூப் இருக்கும், பேச்சு வராது, அத எடுக்குற வரைக்கும்தான். மெஷின் பீப் பீப்னு கத்திகிட்டே இருக்கும், எல்லா சத்தமும் ஆபத்து இல்ல. எங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சு, கைய ஒரு தடவ அமுக்குனா ஆமா, ரெண்டு தடவன்னா இல்லன்னு பேசி வச்சோம். அவரு ஒரு அட்டைல வலிக்குது, குளுருது, தண்ணின்னு பெருசா எழுதிகிட்டாரு.

சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. மூச்சு முட்டுற மாதிரி ஒரு நிமிஷம் பதறுனேன், டியூப்தான்னு ஞாபகம் வந்துச்சு, குளுருதுன்னு எழுதுனதக் காட்டுனேன், போர்வ வந்துருச்சு.

ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் காரணமே இல்லாம அழுக, சோறு எறங்கல, இத யாருமே முன்னாடி சொல்லல, அதுல எனக்கு கோவம்தான். ஃபாலோ அப்ல சொன்னப்ப, பைபாஸ் பண்ணவங்க நெறைய பேருக்கு வர்றதுதான், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல விடாம இருந்தா மறைக்காம சொல்லணும்னு சொல்லி மறுபடியும் கவுன்சலர்கிட்ட அனுப்புனாங்க, இப்ப பரவால்ல. மனசு தாங்கலன்னா போன் பண்ணிப் பேச மலேசியாவுல ஹீல் லைன் 15555 இருக்கு.

ஆப்ரேஷன் தேதி கெடச்சவங்க அட்மிட் ஆகுற அன்னைக்கே கவுன்சலரப் பார்க்கணும்னு கேட்டுடுங்க, வீட்டு ஆளையும் கூட உக்கார வைங்க.