அன்றைக்கே

2025 ஜனவரி 6, திங்கள்

இவருடைய கழுத்துக் கட்டி ரிப்போர்ட் இன்றும் வரவில்லை.

ஜனவரி 8, புதன்

காலமை கிணற்றடியில் முகம் கழுவும்போது இவர் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துவாயை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறார். ஊசி குத்தின இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

பின்னேரம் சபை ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஜெபக்குறிப்பு எழுதித் தரச் சொன்னார். ஆராதனையில் வாசிக்கிற அந்தக் கொப்பியை எனக்குத் தெரியும். வேண்டுதல் பக்கம் பக்கமாக இருக்கும்: விசா, பரீட்சை, கலியாணம், கால் நோவு. நன்றி சொல்ல, ஸ்தோத்திரம் என்று தலைப்பிட்ட பக்கத்தில் பிறந்தநாளும் கலியாண நாளும்தான். அந்த விசா என்ன ஆனது? அந்தக் கால் இப்போது நடக்கிறதா? கேட்டவர்களில் கனபேருக்குக் கிடைத்துத்தான் இருக்கிறது. சபையே முழங்காலில் நின்று கேட்ட ஒரு பெடியன் இப்போது ரொறன்ரோவில் பனிக்குள் நின்று படம் எடுத்துப் போடுகிறான். வீட்டார் அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு இது பொறுக்கவே ஏலாமல் இருக்கிறது. கேட்கும்போது அத்தனை பேரையும் கூட்டி அழுதோமே, கிடைத்ததை மட்டும் ஏன் தனியாக வைத்துக்கொள்கிறோம்?

ஜனவரி 9, வியாழன்

நித்திரை வரவில்லை. லூக்கா 17ஐ எடுத்தேன்.

பத்துக் குஷ்டரோகிகளும் கேட்டார்கள், பத்துப்பேரும் சுகமானார்கள். ஒன்பதுபேரைக் குறை சொல்வது லேசு. ஆசாரியர்களுக்குக் காட்டுங்கள் என்று அனுப்பினது இயேசுதானே. ஆசாரியன் பார்த்துச் சுத்தம் என்று சொல்லாமல் ஊருக்குள் கால் வைக்க ஏலாது. வீடு, மனுசி, பிள்ளைகள், எத்தனை காலமாகக் காணாத முகங்கள்! ஓடத்தான் மனம் வரும். ஆனால் அந்த ஒருத்தன் பாதிவழியில் தன்னைப் பார்த்திருக்கிறான். உடனே திரும்பிவிட்டான். வீடு கொஞ்சம் பிந்தட்டும் என்று விட்டுவிட்டான்.

இன்றைக்குத்தான் கவனித்தேன்: இரக்கம் கேட்டபோது தூரத்தில் நின்றுதான் சத்தம் போட்டார்கள். நன்றி சொல்ல வந்தவன் காலடிவரைக்கும் வந்து விழுந்தான். அவ்வளவு கிட்ட வந்தது அவன் ஒருத்தன்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" அந்தக் கேள்வியில் கோபத்தைவிட ஏக்கம்தான் எனக்குக் கேட்கிறது.

மணி இரண்டரை. இவர் புரண்டு படுக்கிறார். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும், என்னுடையது அவருக்கும் தெரியும்.

ஜனவரி 11, சனி

மழை. கரண்ட் இல்லை. இவர் இரவு ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

விடியவே பக்கத்து வளவில் வெடிச்சத்தம். சூரியனுக்குப் படைத்த கையோடு அக்கா வேலிக்கு மேலால் பொங்கலை நீட்டினா. வாழையிலைத் துண்டால் மூடின கிண்ணம், தொட ஏலாத சூடு. கயுவும் முந்திரிகை வற்றலும் தாராளமாகப் போட்டிருந்தா. இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு அக்கா வந்து விறாந்தையில் இருந்தா. மகன் டெங்குவோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் கொடுப்பதாக நேர்ந்தவ. "பிளேட்லெட் ஏறத் துவங்கின கிழமையே தொண்டைமானாத்துக்குப் போய் மடத்திலை காசைக் கட்டிப்போட்டன். பிள்ளை அப்ப வாட்டிலைதான். ஆறுதலாச் செய்யலாம் எண்டு இவர் சொன்னவர். நான் கேக்கேல்லை. பிந்தினா மனம் கணக்குப் பாக்கத் துவங்கிவிடும் பிள்ளை. டொக்டர் நல்லவர், மருந்து நல்லது, காச்சல் தானா மாறியிருக்கும் எண்டு ஒவ்வொண்டாக் கழிக்கும். கடைசியிலை முருகனுக்கு ஒண்டும் மிஞ்சாது."

நான் சபையில் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் இதை இவ்வளவு துப்பரவாக ஒருவரும் சொன்னதில்லை. திரும்பி வந்தவன் சமாரியன், யூதருக்கு அந்நியன், என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார்.

ஜனவரி 15, புதன்

லேவியராகமம் 7. ஸ்தோத்திர பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கவேண்டும், விடியும்வரை ஒன்றும் வைக்கக்கூடாது. நேர்த்திக்காகச் செலுத்துகிற பொருத்தனைப் பலியென்றால் மிச்சத்தை அடுத்தநாளும் சாப்பிடலாம். நன்றிக்கு மட்டும் அந்தத் தவணை இல்லை. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரு நாளில் எப்படிச் சாப்பிட்டு முடிக்கும்? அயலட்டையைக் கூப்பிடத்தான் வேணும். அதற்குத்தான் அந்தச் சட்டம் என்று நினைக்கிறேன். ஏன் கூப்பிட்டாய் என்று வருகிறவர்கள் கேட்பார்கள், சொல்லத்தானே வேணும்.

இவரிடம் சொன்னேன். "முதல்லை ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

ஜனவரி 17, வெள்ளி

புற்றுநோய் இல்லை!

கிளினிக் வாசலில் வாங்கில் இருந்து நாலாய் மடித்த கடுதாசியை இவர் விரித்தார், மடித்தார், திரும்ப விரித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவே, "ஆண்டவரே ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொன்னார். சபையில் நின்றுகூட வாய் திறந்து ஜெபிக்காத மனுசன்.

நல்ல சாமான் சமைக்க நேரம் இல்லை. பாண், சம்பல், பருப்புக் கறி, ஒரு சீப்பு கதலி. ஆறு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. ஐயர் 103ஆம் சங்கீதம் வாசித்தார்: "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." அக்காவும் குடும்பமாக வந்து முன்வரிசைப் பாயில் இருந்தா. மூத்தவள் லண்டனிலிருந்து போனில் பாடினாள், இரண்டு வரி பிந்திப் பிந்தி வந்தது. எட்டரைக்குப் பருப்புச் சட்டி வெறுமை.

ஜனவரி 18, சனி

அதே வாங்கில் எங்களுக்கு முன்னால் இருந்த கிளிநொச்சிப் பிள்ளை. முப்பது வயதுகூட வராது. அவளுடைய தாய்க்கு வந்த கடுதாசி வேறு. இவர் ஸ்தோத்திரம் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை நேற்று முழுக்க என்னோடு இருந்தது.

நாங்கள் கேட்டோம், தந்தார் என்று சொன்னால், அவள் கேட்டது குறைவா? அவளுடைய நெற்றியில் திருநீறு இருந்தது, கையில் நூல் கட்டியிருந்தது. கேட்காமலா வந்திருப்பாள்? அதற்காக நான் வாயை மூடினால் பெற்றதை ஒளிக்கிறேன். திறந்தால் அவளுடைய புண்ணில் படுகிறது. இன்று முழுக்க இதுதான். மா அரிக்கும்போதும் இதுதான்.

பின்னேரம் போன் எடுத்தேன். நேற்று நம்பரை வாங்கி வைத்திருந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்: "அம்மா இண்டைக்கு ஒரு கோப்பை கஞ்சி குடிச்சவ அன்ரி. நாலு நாளைக்குப் பிறகு. விளக்குக் கொளுத்திக் கும்பிட்டனான்."

ஒரு கோப்பைக் கஞ்சிக்கு, அன்றைக்கே.

ஜனவரி 20, திங்கள்

தாயைத் தெல்லிப்பழைக்கு மாற்றுகிறார்கள். அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக 2011இல் தீவின் தெற்கு நுனி தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு நுனி பருத்தித்துறைவரைக்கும் சனம் நடந்து காசு சேர்த்தது. தெற்கே எங்கேயோ ஒரு சிங்களப் பிள்ளை வெயிலில் நடந்த நடையும் இந்தத் தாய்க்காகக் கேட்கிற ஜெபத்துக்குள் சேர்ந்திருக்கிறது. இவருடைய பெயரில் போடவிருந்த ஸ்தோத்திரக் காணிக்கையைப் பாதியாக்கினோம். ஒரு பாதி சபைக்கு. மற்றது அந்தத் தாயும் மகளும் வந்துபோகிற செலவுக்கு. இவர்தான் முதலில் சொன்னார்.

ஜனவரி 21, செவ்வாய்

கொப்பியில் ஸ்தோத்திரப் பக்கத்தில் எழுதினேன், இவருடைய பெயர் போட்டு, கழுத்துக் கட்டி என்றும் போட்டு. கீழே அவளிடம் கேட்டுக்கொண்டு கஞ்சியையும் எழுதினேன். வேண்டுதல் பக்கத்தில் தாயின் பெயர்.

நாளைக்கு அவளோடு தெல்லிப்பழைக்குப் போகிறேன். சுடுதண்ணிப் போத்தல் ஒன்று வேணுமாம், பெரியகடையில் பார்க்கவேண்டும்.