சப்மரின் டெப்த் கேஜ், டெஸ்ட் டெப்த் படிக்கிறவங்களுக்கு

ரெண்டாம் உலகப்போர் சப்மரின் பத்தி படிக்க ஆரம்பிச்சா முதல்ல குழப்புறது இந்த ஆழக் கணக்குதான், ஒரு இடத்துல 300 அடின்னு இருக்கும், இன்னொரு இடத்துல அதே மாதிரி போட் 500 அடி போச்சுன்னு இருக்கும், ரெண்டுமே சரியாவும் இருக்கும். ஒரே நாட்டு போட்ல ஆரம்பிங்க, நான் அமெரிக்க போட்களைத்தான் எடுத்தேன். ஜெர்மன்காரங்க மீட்டர்ல எழுதுவாங்க, அத அப்புறம் பாத்துக்கலாம்.

கேஜ் நேரடியா ஆழத்த அளக்கல, பிரஷரத்தான் அளக்குது. கடல் தண்ணி பைப் வழியா வந்து வளைஞ்ச ஒரு உலோக ட்யூபை நிமிர்த்தப் பாக்கும், அந்த அசைவுதான் முள்ளத் திருப்புது. ஒரு அடிக்கு சதுர அங்குலத்துக்கு சுமார் 0.44 பவுண்டு, அப்போ 300 அடில 133 பவுண்டு வரும். இத கையால போட்டுப் பாருங்க, மனப்பாடம் பண்ண வேண்டாம்.

கேஜ் காட்டுறது கீல் இருக்கிற ஆழம், அதாவது போட்டோட அடிப்பாகம். பெரிஸ்கோப் டெப்த் (பெரிஸ்கோப் மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிப் பாக்குற ஆழம்) 60 அடி சொச்சம்னு படிச்சா போட் ரொம்ப கீழ இருக்குன்னு நினைச்சிடாதீங்க, மேல்பாகம் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கும். இன்னொன்னு, போட் நீளம் 312 அடி, மூக்கு 10 டிகிரி கீழ சாஞ்சா நடுவுல முள் 300 காட்டும்போது மூக்கு இன்னும் 25 அடிக்கு மேல ஆழத்துல இருக்கும். இந்தக் கணக்கு தெரிஞ்சப்புறம் ரோந்து அறிக்கை படிக்கிறதே வேற மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

டெஸ்ட் டெப்த்ங்கிறது போட் நொறுங்குற ஆழம் இல்ல, இதுவரைக்கும் போகலாம்னு சோதிச்சு அனுமதிச்ச எல்லை. கேட்டோ வகைக்கு 300 அடி, பலாவோ வகைக்கு 400 அடி, வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணுதான், உள்ள பிரஷர் ஹல் (தண்ணி அழுத்தத்தத் தாங்குற உடம்பு) தகடு மட்டும் 11/16 அங்குலத்துல இருந்து 7/8 அங்குலம் ஆச்சு, உறுதியான ஸ்டீலும் போட்டாங்க. அதனால எந்த அறிக்கை எடுத்தாலும் முதல்ல போட் எந்த வகைன்னு பாத்து டெஸ்ட் டெப்த்த ஓரத்துல எழுதிக்கோங்க.

சால்மன்ங்கிற அமெரிக்க சப்மரின் கதைய அப்படிப் படிங்க. டெஸ்ட் டெப்த் 250 அடிதான், 1944 அக்டோபர் 30 அன்னிக்கு டெப்த் சார்ஜ் (தண்ணிக்குள்ள வெடிக்கிற குண்டு) அடில 500 அடி பக்கம் இறங்கிடுச்சு, ஆனாலும் மேல வந்து பீரங்கியால சண்ட போட்டு சைபான் தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. ஹல் அவ்வளவு சேதம், மறுபடி போருக்குப் போகவே இல்ல.