மாவும் ஏக்கரும் டைப்புக்கு ஒன்றுதான்

ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்று சொல்லும் வகைதான் டைப். டைப் கண்டிப்பான நிரல்மொழியில் எழுதினால் பிழை வராது என்று ஒரு கட்சி, அதெல்லாம் வெட்டி வேலை என்று இன்னொரு கட்சி. தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் கொள்முதல் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

மூட்டை எண்ணிக்கை கேட்கும் கட்டத்திலிருந்து வருவது எண் அல்ல, எழுத்துச்சரம். ஜாவாஸ்கிரிப்டில் "40" உடன் 5-ஐக் கூட்டினால் "405". மூட்டைக்கு 40 கிலோ என்றால், 45 மூட்டைக்கான 1,800 கிலோ நெல் 16,200 கிலோ ஆகிவிடும். பைத்தான் இதை ஏற்காது. ஆனால் அந்த வரி ஓடும்போதுதான் சொல்லும், அதாவது களத்தில் நெல் குவிந்து கிடக்கும் நாளில். கோ, ரஸ்ட் மொழிகள் கம்பைல் ஆகும்போதே, அதாவது நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, மறுத்துவிடும். (ஜாவாகூட ஒட்டத்தான் செய்யும், விடையை இன்ட் என்னும் முழு எண் டைப்பில் போட விடாது, அவ்வளவுதான்.) கண்டிப்பு வேறு, முன்கூட்டியே பார்ப்பது வேறு. பாதிச் சண்டை இதைக் குழப்பிக்கொள்வதால் வருவது.

ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சேர்த்த மொழியான டைப்ஸ்கிரிப்டில் ஓர் ஓட்டை உண்டு. வெளியிலிருந்து எழுத்தாக வரும் தரவைப் பிரித்துக் கொடுக்கும் ஜேசான்.பார்ஸ் தருவது 'எனி', அதாவது எதுவாகவும் இருக்கலாம் என்ற டைப். அதை நம்பர் என்று நீங்கள் அறிவித்தால் கம்பைலர் தலையாட்டிவிடும்; ஓடும்போது டைப்பே இருக்காது. வெளியிலிருந்து தரவு நுழையும் இடத்திலேயே ஸாட் போன்ற சோதனை நூலகம் ஒன்றை வைத்தோ கையாலோ சோதித்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அளவுகள். டெல்டாவில் நிலத்தை மா கணக்கில் சொல்வார்கள்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 3 மா ஓர் ஏக்கர். ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று என்று கணக்குப் போடும் ஃபங்ஷனுக்கு 6 மாவை அப்படியே கொடுத்தால், 2 மூட்டை போதும் என்கிற இடத்தில் 6 வரும். இரண்டும் ஃப்ளோட் (தசம எண்) என்பதால் எந்தக் கம்பைலரும் முனகாது. ரஸ்டில் மாவுக்கும் ஏக்கருக்கும் தனித்தனி ஸ்ட்ரக்ட் (நாமே வரையறுக்கும் டைப்) வைத்தால் தப்பிக்கலாம். டைப்ஸ்கிரிப்டில் மா = நம்பர் என்று பெயர் சூட்டினால் பயனில்லை, அது வெறும் புனைபெயர்; எண்ணோடு ஓர் அடையாளத்தை ஒட்டித் தனியாக்கும் பிராண்டட் டைப் செய்ய வேண்டும். கோ மொழியில் தனி டைப் வைத்தாலும், நேரடியாக 6 என்று எழுதினால் எந்த டைப்பாகவும் நுழைந்துவிடும்.

2017-இல் வந்த ஓர் ஆய்வு, ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்த 400 பிழைகளை எடுத்துப் பார்த்தது. டைப்ஸ்கிரிப்டோ, அதேபோல் டைப் சோதிக்கும் கருவியான ஃப்ளோவோ இருந்திருந்தால் 15 சதவீதம் முன்பே பிடிபட்டிருக்கும் என்றது. அவை எழுதியவர் கண்ணுக்குத் தப்பி வெளியே வந்துவிட்டவை, ஆகவே 15 குறைவே இல்லை.

மீதி 85? நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுக்கலாம் என்பது விதி. கோடில் 17-க்குக் கீழ் என்று எழுதிவிட்டால், சரியாக 17 காட்டும் நெல் திரும்பிப் போகும். டைப் அத்தனையும் சரியாகத்தான் இருக்கும். இங்கே வேண்டியது 16.9, 17, 17.1 என்று மூன்று டெஸ்ட்.