ரேடியோ ஸ்கேனர் வாங்கும் முன் உங்கள் கவுன்ட்டியைப் பாருங்கள்

"எந்த ஸ்கேனர் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜிப் கோடு. ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடி, அங்கே நடக்கும் பேச்சைக் கேட்கவைக்கும் ரேடியோ. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சுகள் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) ஒவ்வொரு விதமான ரேடியோவில் போகின்றன. ஓர் ஊரில் 120 டாலர் கருவியே போதும். பக்கத்து ஊரில் 700 டாலர் கருவிக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் விலைப் பட்டியலைத் திறக்கும் முன் ரேடியோ ரெஃபரன்ஸ் தளத்தில் உங்கள் மாநிலம், கவுன்ட்டி பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.

அந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது 'மோடு' (Mode) என்ற நெடுவரிசை. அதில் ஆங்கிலப் பெரிய 'இ' (E) எழுத்து இருந்தால் அந்தப் பேச்சு முழுக்க என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது மற்றவருக்குப் புரியாதபடி ரகசியமாக்கப்பட்டது. சின்ன 'இ' (e) என்றால் சில நேரம் மட்டும். என்கிரிப்ட் ஆனதை எந்த விலை ஸ்கேனரும் திறக்காது, திறக்க முயல்வதே குற்றம். நியூயார்க் நகரப் போலீஸ் 2023 முதல் தன் அலைவரிசைகளை இப்படி மூடத் தொடங்கியது. போலீஸ் மூடிய பல ஊர்களில் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் இன்னும் திறந்தே இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது எது என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, பேச்சு சாதாரண அனலாகா, டிஜிட்டல் ட்ரங்கிங்கா என்பது. ட்ரங்கிங்கில் ஒரு துறைக்கு ஒரே அலைவரிசை என்று நிரந்தரமாக இருக்காது. டோக்கன் எண் கூப்பிட்டதும் எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே போகும் வங்கியைப் போல, கண்ட்ரோல் சேனல் ஒன்று ஒவ்வொரு பேச்சுக்கும் அந்த நொடியில் காலியான அலைவரிசையை ஒதுக்கும். கண்ட்ரோல் சேனலைப் படிக்கத் தெரியாத ஸ்கேனர் துண்டு துண்டாகத்தான் கேட்கும். இன்று பெரும்பாலான பெரிய அமைப்புகள் பி25 என்ற டிஜிட்டல் ரேடியோ வகை. அதிலும் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று இரண்டு உண்டு. நியூஜெர்சி மாநில அமைப்பு 700 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இரண்டாம் கட்டம். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், யூனிடன் நிறுவனத்தின் பிசிடி396எக்ஸ்டி ஸ்கேனர் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். பெட்டியில் 'ட்ரங்க்டிராக்கர்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் பலர் விழும் பள்ளம். அந்தப் பெயர் அனலாக் காலத்து மாடல்களிலும் இருக்கிறது.

விமானம், ரயில், கப்பல், வானிலை மட்டும் போதும் என்றால் செலவு சட்டென்று குறைந்துவிடும். விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்னமும் ஏஎம். நியூஆர்க் விமான நிலையக் கோபுரம் 118.3. ரயில்கள் பெரும்பாலும் 160.215 முதல் 161.565 வரை, நியூஜெர்சியின் எடிசன் ஊர் வழியாகப் போகும் ஆம்ட்ராக் தடத்துக்கு 160.920. கடலில் அவசர அழைப்பு 156.8. அரசு வானிலை ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 வரை ஏழு சேனல்கள். இவை எல்லாவற்றுக்கும் யூனிடன் பிசி125ஏடி போதும். 500 சேனல், இரண்டு ஏஏ பேட்டரி, ஒவ்வொரு சேனலுக்கும் பெயர் எழுதும் வசதி. 512 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, டிஜிட்டல் தெரியாது. முதல் ஸ்கேனராகத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பேட்டரி மூடிக்குள் அல்கலைன், நிக்கல் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அல்கலைன் பேட்டரி போட்டு, சுவிட்சை நிக்கல் பக்கம் விட்டு, யுஎஸ்பி கேபிளைச் செருகினால் பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும்.

டிஜிட்டல் தேவைப்படுபவர்கள் 'சிமுல்காஸ்ட்' என்பதைப் புரிந்துகொள்ளாமல் காசு கொடுக்கக் கூடாது. ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை அது. இரண்டு கோபுரங்களின் சிக்னல் நுண்ணிய நேர வித்தியாசத்தில் உங்கள் ஆன்டெனாவுக்கு வந்து மோதும்போது பிட்டுகள் குழம்பும். திரையில் சிக்னல் முழுக் கட்டம் காட்டும், குரல் மட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கும். சிக்னல் குறைவு என்று நினைத்துப் பெரிய ஆன்டெனா வாங்கினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் தூரத்துக் கோபுரங்களும் சேர்ந்துகொள்ளும். பழைய வடிவமைப்பில் வந்த பிசிடி436எச்பி போன்றவை இதில் திணறும். 2018இல் வந்த எஸ்டிஎஸ்100 கையடக்கமும் அதன் பிறகு வந்த எஸ்டிஎஸ்200 மேசைக் கருவியும் இந்தக் குழப்பத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. விலை 700 டாலர் அளவில். உங்கள் கவுன்ட்டி பக்கத்தில் 'சிமுல்காஸ்ட்' என்ற சொல் இருந்தால் அந்தச் செலவில் நியாயம் உண்டு. இல்லையென்றால் பாதி விலையில் முடித்துவிடலாம். கையில் பழைய கருவி இருப்பவர்கள் ஒரு கோபுரத்தை மட்டும் நோக்கும் யாகி ஆன்டெனா போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஆன்டெனாவையே சிறியதாக்கி, ஜன்னலிலிருந்து சுவர்ப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். இரண்டடி இடம் மாறினாலே குரல் தெளிந்த வீடுகள் உண்டு.

கணினி பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி, கணினியையே ரேடியோவாக்கும் ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி துண்டு. ஒன்று 40 டாலருக்குள் கிடைக்கும். எஸ்டிஆர் ட்ரங்க் என்ற இலவச மென்பொருளோடு சேர்ந்தால் பி25 இரண்டு கட்டங்களையும் படிக்கும், சிமுல்காஸ்டையும் நன்றாகச் சமாளிக்கும். ஒரு துண்டு ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் பார்க்கும் என்பதால், அமைப்பின் அலைவரிசைகள் அதைவிட விரிந்து கிடந்தால் இரண்டு, மூன்று துண்டுகள் வேண்டும். வீட்டுக்கு இது அருமையான ஏற்பாடு. பயணத்துக்கு ஒத்துவராது.

ஆன்டெனா விஷயத்தில் ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 7100ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் சென்டிமீட்டரில் வரும். விமானப் பேச்சுக்கு 56, ரயிலுக்கு 44, 860 மெகாஹெர்ட்ஸுக்கு 8. பிஎன்சி முனை (திருகி மாட்டும் ஒரு வகை இணைப்பு) உள்ள, இழுத்து நீட்டும் ஆன்டெனா வாங்கி இந்த நீளத்துக்கு இழுத்தால் கூட வந்த ரப்பர் குச்சியைவிட நன்றாகக் கேட்கும். கூரையில் ஆன்டெனா வைப்பவர்கள் கேபிளில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். 50 அடி ஆர்ஜி58 கேபிள் 850 மெகாஹெர்ட்ஸில் சிக்னலில் முக்கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி6 பாதியைத்தான் தின்னும். அது 75 ஓம் என்று கவலைப்பட வேண்டாம், கேட்பதற்கு மட்டும் என்றால் வித்தியாசம் தெரியாது. கூரை ஆன்டெனாவுக்கு எர்த் கம்பியும் மின்னல் காப்பும் கட்டாயம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் எஃப்எம் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் ஜெர்சி சிட்டி போன்ற இடங்களில் விமானப் பேச்சுக்கு நடுவே பாட்டு ஒலித்தால், 88 முதல் 108 வரை தடுக்கும் வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் ஸ்கேனருக்கும் நடுவே போடுங்கள்.

எஸ்டிஎஸ்100இல் ஜிப் கோடு போட்டாலே அந்த ஊர் அமைப்புகள் வந்துவிடும். தகவல் தளம் வாராவாரம் புதுப்பிக்கப்படுகிறது. சென்டினல் என்ற விண்டோஸ் மென்பொருளில் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் தூர எல்லையை 50 மைல் என்று வைத்துவிட்டு, 'ஒன்றுமே கேட்கவில்லை' என்று சொல்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு அமைப்பிலும் கண்ட்ரோல் சேனலைத் தேடிப் பிடிக்கச் சில நொடிகள் போகும். முப்பது அமைப்பைச் சுற்றி வருவதற்குள் உங்கள் தெருவில் நடந்த பேச்சு முடிந்திருக்கும். 5 அல்லது 10 மைலில் தொடங்குங்கள்.

பயணத்தில் கருவியைவிடச் சட்டம் முக்கியம். நியூயார்க் மாநில வாகனச் சட்டம் 397ஆம் பிரிவு, போலீஸ் அலைவரிசை கேட்கும் ரேடியோவை அனுமதியின்றி காரில் பொருத்தத் தடை விதிக்கிறது. ஃபுளோரிடாவிலும் இதுபோன்ற சட்டம் உண்டு. இரண்டு இடங்களிலும் அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது. மாநில எல்லை தாண்டும் முன் பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைப்பது நல்ல பழக்கம். பிரிட்டனில் உங்களுக்கென்று அனுப்பப்படாத பேச்சைக் கேட்பதே குற்றம், விமானப் பேச்சு உட்பட. அங்கே எடுத்துப் போவதில் பயனில்லை. இந்தியாவில் அனுமதியின்றி இத்தகைய ரேடியோ கருவியைக் கைவசம் வைத்திருப்பதே சட்டச் சிக்கல். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. சென்னைக்குப் போகும் பெட்டியில் ஸ்கேனர் வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

திரும்பக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள். வந்த முதல் வாரத்திலேயே, எந்த அறையில் வைக்கப் போகிறீர்களோ அங்கேயே காலை, மாலை இரு வேளையும் கேட்டுப் பாருங்கள். சிமுல்காஸ்ட் நொறுங்கல் இருந்தால் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதுவரை பெட்டியையும் பிளாஸ்டிக் உறைகளையும் தூக்கிப் போடாதீர்கள்.