ஒன்பதாவது நகர்வு

ஜூன் 3

ஆங்கில ஸ்கிராபிள் ஆட்டம் ஒன்றில் 4 புள்ளி வித்தியாசத்தில் வென்றேன். ஒன்பதாவது நகர்வைத் தவிர வேறு எதையும் மறுபடி பார்க்க மனம் வரவில்லை.

ஜூன் 4

ஆட்டம் முழுவதையும், ஸ்கிராபிள் நகர்வுகளை அலசும் குவாக்கிள் நிரலில் ஏற்றினேன். அந்த நகர்வின்போது நான் 31 புள்ளி முன்னால் இருந்தேன். பையில் 5 காய்கள் மீதமிருந்தன. என் காய்களை அடுக்கும் ரேக்கில் 'க்யூ' உட்கார்ந்திருந்தது. பையில் 7 காய்களுக்குக் குறைந்துவிட்டால் காய் மாற்ற விதி இடம் தராது. ஆகவே அதைப் பலகையில் வைத்தாக வேண்டும். வைக்காமல் இருக்கையில் எதிராளி தம் காய்களை முடித்துவிட்டால், அந்த 10 புள்ளிக் காய் இரட்டிப்பாகி 20 புள்ளியாக அவர் கணக்கில் சேரும். வைக்க இடமும் இருந்தது. பலகையில் கிடந்த ஓர் 'ஐ'க்கு முன்னால் மும்மடங்கு எழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. அங்கே 'க்யூ' ஒன்றை மட்டும் வைத்தாலே 31 புள்ளி.

நான் அதை வைக்கவில்லை. மூன்று காய்களைச் செலவிட்டு, வெறும் 14 புள்ளிக்கு, வலது ஓர நெடுவரிசையை அடைத்தேன். பிங்கோ, அதாவது ஏழு காய்களையும் ஒரே நகர்வில் வைப்பது, இறங்கக்கூடிய ஒரே வழி அதுதான். அதன் அருகில் முடிந்த சொல் 'எஸ்' ஒன்றை மட்டுமே ஏற்கும் என்பதால், ஒரு 'எஸ்' அல்லது எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் காயான ஒரு பிளாங்க் வைத்திருப்பவர் மும்மடங்குச் சொல் கட்டத்தையும் சேர்த்து ஏழு காய்களையும் அங்கே இறக்கலாம். பிங்கோவுக்கான 50 புள்ளி தனி.

'க்யூ'வை வைத்தால் வெற்றி வாய்ப்பு 81 சதவீதம், அடைத்தால் 77 சதவீதம் என்கிறது நிரல். வித்தியாசம் 4 சதவீதம்தான். ஆனால் தூக்கம் வரவில்லை.

ஜூன் 5

நிரலுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதே என் வாதம். அதற்கு முந்தைய நகர்வில் எதிராளி ஒரே ஒரு 'டபிள்யூ'வைப் பலகையில் இருந்த 'ஓ'வோடு சேர்த்து 5 புள்ளி எடுத்துக்கொண்டார். அந்த 'டபிள்யூ'வை வேறு இடத்தில் வைத்து 20 புள்ளிக்கு மேல் எடுக்க வழி இருந்ததை நேற்றிரவு பலகையை மறுபடி அமைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அவ்வளவு புள்ளியை விட்டுக்கொடுத்து ஒரு காயை மட்டும் கழிப்பவர், மீதமுள்ள ஆறும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன என்று சொல்லாமல் சொல்கிறார். அவருக்கும் அப்போது காய் மாற்ற அனுமதியில்லை. பையில் இருந்தவை 6. வேண்டிய காய் வருமா என்று ஒரு காயைக் கழித்து ஒரு காயை எடுப்பது ஒன்றே அவருக்கு மிஞ்சிய தூண்டில்.

நிரலோ, என் கண்ணுக்குத் தெரியாத 12 காய்களிலிருந்து ஏதாவது 7 அவரிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கிப் போட்டுக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கிலேயே, மிச்சமிருந்த ஒரு பிளாங்க்கும் ஒரு 'எஸ்'ஸும் ஆகிய இரண்டில் ஒன்றாவது அவரிடம் இருக்க ஏறக்குறைய 85 சதவீத வாய்ப்பு உண்டு. தூண்டில் போட்டவர் என்றால் அது இன்னும் கூடவே வேண்டும்.

ஜூன் 6

இன்று ஸ்கோர் தாளைத் தொடவில்லை.

ஜூன் 7

தொட்டேன். எதிராளியின் ரேக்கில் சில காய்களை நாமே நிர்ணயித்துவிட்டு ஓட்டும் வசதி நிரலில் இருக்கிறது. பிளாங்க் அவரிடம் இருப்பதாகக் கொடுத்து ஓட்டியதும் வரிசை தலைகீழானது: அடைப்புக்கு 75, 'க்யூ'வுக்கு 68. ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகுதான், எனக்கு வேண்டிய விடையைக் கேள்விக்குள் நானே வைத்து அனுப்பியிருக்கிறேன் என்று உறைத்தது. அவரிடம் பிளாங்க் இருந்தது என்று கொடுத்தால் அதை அடைப்பது சரி என்றுதான் வரும். அதற்கு நிரல் எதற்கு?

ஜூன் 9

அவர் கடைசிக் காய் வரை வைத்து முடித்துவிட்டதால், என் அடைப்புக்குப் பிறகு அவர் வைத்த 9 காய்களும் தாளில் இருக்கின்றன. நான் மூன்று எடுத்தபின் பையில் மிஞ்சிய 2 காய்களும் அவருக்கே போயின. ஆகவே அந்த ஒன்பதில் 7 அப்போதே அவர் கையில் இருந்தவை, 2 பின்னால் வந்தவை. அடைப்புக்கு அடுத்த நகர்வில் அவர் வைத்த மூன்றும் பழையவை என்பது நிச்சயம். அவற்றில் பிளாங்க்கோ 'எஸ்'ஸோ இல்லை. மீதி ஆறில் எந்த இரண்டு புதியவை என்பதுதான் கேள்வி. 15 சேர்க்கைகள். எல்லாவற்றையும் எழுதினேன். பத்தில் பிளாங்க் அவரிடம் முன்பே இருக்கிறது. ஒன்றே ஒன்றில்தான் பிளாங்க், 'எஸ்' இரண்டுமே பின்னால் வந்தவை. அந்த நெடுவரிசை திறந்திருந்தால் 9 சேர்க்கைகளில் பிங்கோ இறங்கியிருக்கும், 6-இல் இறங்கியிருக்காது.

பதினைந்தும் சம எடை உள்ளவை என்று எடுத்துக்கொள்வது தவறு என்று தெரிந்தேதான் எண்ணுகிறேன். 'டபிள்யூ'வைக் கழித்தவரின் கையில் சில சேர்க்கைகள் இருந்திருக்கவே முடியாது. அவற்றை அடிப்பது எப்படி என்று யோசித்தபடியே மாலை போய்விட்டது.

ஜூன் 10

இறுதிக்கட்டத்தைப் பார்த்தேன். பை காலியானபின் எதிராளியின் காய்கள் தெரிந்துவிடுவதால் அங்கே ஊகத்துக்கு வேலையில்லை, கணக்கு மட்டுமே. பிரையன் ஷெப்பர்டு எழுதிய மேவன் நிரல் ஆட்டத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கடைசிக் கட்டத்துக்கென்று வேறொரு தேடல் முறையை வைத்திருந்தது இதனால்தான். என் 19 புள்ளி நகர்வே சிறந்தது என்று குவாக்கிள் சொல்கிறது. படித்துவிட்டு உடனே ஒன்பதாவது நகர்வுக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூன் 11

அவருக்கே எழுதிக் கேட்டேன். 'அந்த நகர்வில் உங்கள் கையில் என்ன இருந்தது, நினைவிருக்கிறதா?' என்று மட்டும். காரணம் எழுதவில்லை.

ஜூன் 13

பதில் இல்லை. தோற்ற ஆட்டத்தின் ரேக்கை யார்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்று எண்ணினேன். பிறகு, தோற்ற ஆட்டத்தின் ரேக்தான் நினைவில் நிற்கும் என்று எண்ணினேன்.

ஜூன் 15

பதில் வந்தது. பிளாங்க் இருந்ததாம், 'எஸ்' இல்லையாம், மற்றவை நினைவில்லையாம். பதினைந்து நான்காகச் சுருங்கிவிட்டது. அந்த நான்கில் பிளாங்க்கே 'எஸ்' ஆக வேண்டும். மீதி ஆறு காய்களும் தாமாகவே பொருந்த வேண்டும். ஒன்றில்தான் பிங்கோ வருகிறது.

கூடவே இன்னொரு வரி எழுதியிருக்கிறார். அவருடைய 25 நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம் இருந்ததாம். நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போகுமே என்று பயந்து, 'டபிள்யூ' வைக்க முதலில் கண்ணில் பட்ட இடத்தில் வைத்துவிட்டாராம். தூண்டிலே இல்லை.

ஜூன் 16

அவர் கையில் உண்மையில் என்ன இருந்தது என்பது என் நகர்வைச் சரியாக்காது, தவறாக்கவும் ஆக்காது. நான் முடிவெடுத்த நொடியில் மேசைமேல் தெரிந்ததை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்று காலையில் எழுதினேன். கடிகாரமும் மேசைமேல்தான் இருந்தது என்று மாலையில் தோன்றியது. அப்படியானால் அந்த 'டபிள்யூ'வுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, தூண்டில் அல்லது அவசரம், இரண்டையும் கலந்து கணக்கிட வேண்டும். பாதிக்குப் பாதி என்று வைத்தால் இரண்டு நகர்வுகளும் கிட்டத்தட்ட சமமாகின்றன. ஆனால் பாதிக்குப் பாதி என்பது நான் வைத்தது.

இனி ஸ்கோர் தாளில் இருவர் நேரத்துக்கும் ஒரு பத்தி.

ஜூன் 18

நான்காவது நகர்வைத் திறந்தேன். அங்கே நிரலோடு எனக்கு உள்ள சண்டை 11 சதவீதம்.