கலரப் பாத்து ஏமாந்த கதை

பெஸ்தாரி ஜெயான்னு எங்க ஊரு போர்டுல இருக்கும், ஆனா எங்க பெருசுங்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுத்தி செம்பனை, பக்கத்துல சுங்கை சிலாங்கூர். கிள்ளான் பள்ளத்தாக்குல, அதாவது மலேசியாவுல கோலாலம்பூர் சுத்துவட்டாரத்துல, பாதிப் பேருக்கு மேல குடிக்கிறது இந்த ஆத்துத் தண்ணிதான். நான் ஒரு சின்ன சுற்றுச்சூழல் குழுவுல வேல பாக்குறேன், ஆத்துத் தண்ணியக் கண்காணிக்கிற வேல. சம்பளம் பத்தி கேக்காதீங்க.

சேந்த புதுசுல ஒரு நாள் செம்பனை எண்ணெய் மில்லு பக்கத்து ஓடையில தண்ணி கோப்பி ஓ மாதிரி கறுப்பா ஓடுது. விடுவனா, போட்டோ எடுத்து, வீடியோ எடுத்து, ஜாஸுக்கு (சுற்றுச்சூழல் இலாகா) புகார் குடுத்து, வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அனுப்பி ஊரையே கெளப்பிட்டேன். ஆபிசருங்க வந்து சாம்பிள் எடுத்தாங்க. பிஓடி டெஸ்ட்டுக்கு, அதாவது தண்ணியில உள்ள அழுக்க கிருமி தின்ன எவ்ளோ ஆக்சிஜன் இழுக்குதுன்னு பாக்குற டெஸ்ட்டுக்கு, போத்தல 30 டிகிரியில 3 நாள் வைக்கணும், அந்த 3 நாளும் நான்தான் ஊருக்கு ஹீரோ. ரிசல்ட் வந்தா லிமிட்டுக்குள்ள. லிட்டருக்கு 100 மில்லிகிராம்தான் லிமிட், மில்லுலேர்ந்து சுடச்சுட வர்ற கழிவுல அது 25,000 கிட்ட இருக்கும், குளம் குளமா மாத்தி மாத்தி விட்டு கிருமியெல்லாம் தின்னு தீத்த பெறகு கொறஞ்சிரும், ஆனா கறுப்பு மட்டும் போகாது. அது எனக்கு அன்னிக்குத் தெரியாது. ஓடை கரையில இருந்த மகமாயி கோயில் வாசல்ல வச்சி என் அக்கா புருஷன் கேட்டாரு, "மச்சான், எங்க சம்பளமும் அந்த மில்லுலதான் வருது, தெரியும்ல?" பதில் சொல்ல முடியல.

அதுக்கப்புறம்தான் ஒரு பெரியவரு வீட்டுக்குப் போனேன். மில்லுல குளம் பாக்குற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு. பசியாறியான்னு கேட்டு தோசை வச்சிட்டு, பெறகு சொன்னாரு: "கலரப் பாக்காத தம்பி, மோந்து பாரு. நல்லா பழுத்த குளத்துத் தண்ணி புளிக்காது. புளிச்ச வாட வந்தா பழுக்க வைக்காம பச்சையா ஆத்துல வுட்டுட்டானுங்கன்னு அர்த்தம்." எப்ப விடுவாங்கன்னும் சொன்னாரு. பழம் அதிகமா வெட்டுற மாசத்துல மில்லு ராப்பகலா ஓடும், குளத்து அடியில சேறு வாராம கெடந்தா எடம் பத்தாது, அதோட ராத்திரி ஒரு மழை. அவ்ளோதான்.

மூக்க நம்புறது நான் மட்டும் இல்ல லா. தண்ணி சுத்திகரிப்பு ஆலையிலயும் குப்பியில தண்ணிய சூடு பண்ணி மோந்துதான் பாக்குறாங்க, நல்ல தண்ணி கலந்து கலந்து எத்தன மடங்குல நாத்தம் போகுதுன்னு கணக்கு. 2020 செப்டம்பர்ல ரவாங் பக்கம் சுங்கை கோங்ல ஏதோ கலந்து நாத்தம் அடிச்சு, சுங்கை சிலாங்கூர் தண்ணிய எடுக்குற 4 ஆலைய மூடுனாங்க, கிட்டத்தட்ட 12 லட்சம் தண்ணி பில்லு கணக்குக்கு தண்ணி இல்ல. எங்க ஊருலயும் தண்ணி லாரிக்கு வாளி தூக்கிட்டு லைன்ல நின்னோம், ஆலையே நம்ம பக்கத்துல இருக்கு, என்னத்த சொல்ல. அன்னிக்கி பாலத்துல போயி நின்னு பாத்தேன், ஆறு எப்பவும் போல அதே பழுப்பு நெறம், மரம் நெழல் விழுந்து பாக்க அழகாக்கூட இருந்துச்சு. கறுப்புத் தண்ணிய வச்சி நான் போட்ட கூத்த நெனச்சா வெக்கமாப் போச்சு.

இந்த வேலையில கஷ்டம் என்னன்னா, ஆறு நிக்காது. ராத்திரி 2 மணிக்கு விட்டது காலையில 8 மணிக்கு ஆபிசர் வர்றப்ப கோலா சிலாங்கூர் பக்கம் போயிக்கிட்டிருக்கும். நான் அள்ளி வச்ச போத்தல் வழக்குக்கு ஆகாது, ஆபிசரே எடுத்து சீல் வச்சாத்தான் செல்லும். அதனால நான் செய்யறது எழுதி வைக்கிறதுதான், தேதி, மணி, எந்தப் பாலம், என்ன வாட, மழை உண்டா இல்லையா. ஒரு நோட்டு முடிஞ்சா அடுத்த நோட்டு. ஒரே மாதிரி ராத்திரி மறுபடி மறுபடி வர்றது அதுல தெரிஞ்சப்பதான் ஆபிசருங்க ராத்திரியில வர சம்மதிச்சாங்க.

போன மாசம் அப்படி வந்தாங்க. மழை, கொசு, நானும் பெரியவரும் குடை புடிச்சிக்கிட்டு பாலத்துல, ஆபிசர் கீழ லொங்காங் (கால்வாய்) வாயில டார்ச்சோட. மூணே கால் மணி இருக்கும், பெரியவரு மூக்க லேசா தூக்குனாரு.

"வருது தம்பி."

எனக்கு ஒன்னும் தெரியல. அஞ்சு நிமிசம் கழிச்சிதான் புளிச்சுது.