மறந்துபோன பாஸ்வேர்டுகள்

அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்காரனைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் பிரிண்டருக்காக வருவார்கள். மீதிப் பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருவார்கள். ஃபைல் பாதுகாப்பைப் பற்றி எனக்கு அதிகம் தெரியவந்தது இந்த இரண்டாம் வகையினரால்தான். மறந்துபோன ஃபைலை நான் எத்தனை சீக்கிரம் திறந்து கொடுக்கிறேனோ, அத்தனை லட்சணமாகத்தான் அது அதுவரை பூட்டப்பட்டிருந்திருக்கிறது. திறந்ததும் எல்லோரும் நன்றி சொல்வார்கள். "இவ்வளவு லேசாகத் திறக்கிறதே, இன்னொருத்தர் திறக்கமாட்டாரா?" என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கணக்குப் பிரிவில் ஒரு மூத்தவர் இருந்தார். சம்பளப் பட்டியலில் சில நெடுவரிசைகளை மறைத்து, எக்செல் ஷீட்டுக்கு பாஸ்வேர்டு போட்டு, எல்லாப் பிரிவுகளுக்கும் அந்த ஃபைலையே அனுப்பிக்கொண்டிருந்தார். மறந்துபோய் என்னிடம் வந்தபோதும் நம்பிக்கை குறையவில்லை. "பெரிய பாஸ்வேர்டு தம்பி, எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து போட்டிருக்கேன். முடியுமான்னு தெரியல."

முடிந்தது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் என்றே சொல்லலாம். இப்போதைய எக்செல் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு, பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. விரித்தால் உள்ளே ஒவ்வொரு ஷீட்டும் எக்ஸ்எம்எல் என்ற, யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்தாக இருக்கும். ஷீட் பாதுகாப்பு அதில் ஒரே ஒரு குறிச்சொல்தான். அதை அழித்துவிட்டுச் சேமித்தால் பூட்டு போய்விடும். பாஸ்வேர்டு நாலெழுத்தா நாற்பதெழுத்தா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 2003 வரையிலான எக்செல்லில் கதை இன்னும் வேடிக்கை. எவ்வளவு நீளமாகப் போட்டாலும் அதை 16 பிட் அளவுள்ள சின்ன எண்ணாகச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். அதனால் சரியான பாஸ்வேர்டே தேவையில்லை. அதே எண்ணைத் தரும் வேறு ஏதோ ஒரு உளறல் போதும். எக்செல்லுக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல், மேக்ரோ ஒன்று சில நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். ஃபார்முலாவை யாரும் கைதவறி அழித்துவிடாமல் இருக்கத்தான் இந்த வசதி; இது பாதுகாப்புக்கானதல்ல என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது.

ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பது வேறு சாதி. அங்கே உள்ளடக்கம் முழுவதும் குறியாக்கம் ஆகிவிடுகிறது; அதாவது சரியான சாவி இல்லாமல் படிக்கவே முடியாதபடி உருமாறிவிடுகிறது. பழைய ஆபீஸ் 97 முதல் 2003 வரை இயல்பாக இருந்தது 40 பிட் சாவி, சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள்தான், இன்றைய கணினி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். ஆபீஸ் 2007-ல் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்க முறை வந்தது. பாஸ்வேர்டை 50,000 முறை கணக்கில் போட்டு அரைத்துத்தான் சாவி உருவாக்கினார்கள். 2010-ல் அது 1,00,000 ஆனது. ஒவ்வொரு ஊகத்துக்கும் அவ்வளவு உழைப்பு தேவைப்படுவதால், நல்ல பாஸ்வேர்டாக இருந்தால் நான் கையை விரிக்க வேண்டியதுதான். சட்டப் பிரிவு அம்மா ஒருவருக்கு அப்படித்தான் விரித்தேன். "உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு சொன்னாங்களே" என்று கோபித்துக்கொண்டு போனார். அன்றைக்கு என்னிடம் வந்தவற்றில் உருப்படியாகப் பூட்டியிருந்தது அவருடைய ஃபைல் ஒன்றுதான்!

அதே வலுவான குறியாக்கத்தின் மேல் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்தால் என்ன ஆகும்? அறுபது வருடத்துக்கு எண்ணினாலும் தேதிகள் 22,000-ஐத் தொடாது. சில நிமிட வேலை. ஆனாலும் பல இடங்களில் சம்பளச் சீட்டு பிடிஎஃப்கள் இன்றும் பிறந்த தேதியில்தான் பூட்டப்படுகின்றன.

கம்ப்யூட்டர் லாகின் பாஸ்வேர்டிலும் இதே மயக்கம் உண்டு. அது காப்பது விண்டோஸுக்குள் நுழையும் வாசலை மட்டும். டிஸ்க் குறியாக்கம் ஆகாமல் இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலே எல்லா ஃபைலும் தெரியும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை யுஎஸ்பியிலிருந்து கிளப்பினால் கழற்றக்கூட வேண்டாம். டிஸ்க்கையே குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் என்ற வசதி விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே வந்துவிட்டது. அதைப் போடச் சொன்னால் "வேகம் குறையும்" என்பார்கள். போட்டவர்களோ 48 இலக்க மீட்புச் சாவியை அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைப்பார்கள்.

மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் விதி எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஜனவரிக்கு 01, பிப்ரவரிக்கு 02 என்று கடைசி எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டது. அதை அச்செடுத்து நிர்வாகத்திடம் கொடுத்தேன். ஃபைலில் வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆறாத எரிச்சல் வேறொன்று. ஃபைலை நன்றாகப் பூட்டி மெயிலில் இணைத்துவிட்டு, அந்த மெயிலிலேயே கீழே பாஸ்வேர்டையும் எழுதி அனுப்புவார்கள். மெயில் தவறான ஆளுக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பாஸ்வேர்டை மட்டும் போனில் சொல்லுங்கள் என்று சுற்றறிக்கை விட்டோம். இப்போது போனில்தான் சொல்கிறார்கள், ஒவ்வொரு எழுத்தாக, மாடி முழுக்கக் கேட்கும்படி.